நஞ்சுக்கொடிக்குள் நடக்கும் வேலை

என் தங்கைக்கு எட்டாம் மாதம் நடந்துகொண்டிருந்தபோது எடுத்த ரத்தப் பரிசோதனையில் ஒரு எண் மட்டும் தடித்த எழுத்தில் அச்சாகி வந்தது. அல்கலைன் பாஸ்பேட்டேஸ், 214. பக்கத்தில் போட்டிருந்த இயல்பு அளவு 120-ஓடு நின்றுவிட்டது. இரவு பத்தரை மணிக்கு அந்தத் தாளைப் படம் பிடித்து அனுப்பி, "அக்கா, கல்லீரல்ல ஏதாவது கோளாறா?" என்று கேட்டாள். அதற்குள் இணையத்தில் தேடிப் பார்த்திருக்கிறாள். கல்லீரல், பித்தப்பை, எலும்பு என்று நீண்ட பட்டியல். தூக்கம் போய்விட்டது.

அவளுடைய கல்லீரல் நன்றாகத்தான் இருந்தது. கூடுதலாக வந்த அந்த நொதி, நஞ்சுக்கொடியில் இருந்து அவள் ரத்தத்தில் கலந்தது. இதைச் சொன்னதும், "நஞ்சுக்கொடி குழந்தைக்குச் சாப்பாடு கொண்டுபோற குழாய்தானே, அது எதுக்கு நொதி செய்யுது?" என்றாள். நான் உயிர்வேதியியல் படித்தவள். இந்தக் கேள்வியை இத்தனை நாள் யாருமே என்னிடம் கேட்டதில்லையே என்று தோன்றியது. அன்றைக்குப் போனில் சொன்னதைத்தான் இங்கே கொஞ்சம் ஒழுங்குபடுத்தி எழுதுகிறேன்.

முதலில், அது குழாய் இல்லை. குழாய் என்று நாம் நினைப்பது தொப்புள்கொடியை. அந்தக் கொடியின் மறுமுனையில், கருப்பைச் சுவரோடு ஒட்டிக்கொண்டு இருப்பதுதான் நஞ்சுக்கொடி. பிரசவ நேரத்தில் ஏறக்குறைய அரைக் கிலோ எடை, ஒரு சாண் அகலம், இரண்டு இரண்டரை சென்டிமீட்டர் தடிப்பு. நல்ல கனமான ஊத்தப்பத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், வடிவம் கிட்டத்தட்ட அதுதான். குழந்தை பிறந்த பிறகு வீட்டுப் பெரியவர்கள் "நஞ்சு விழுந்துச்சா?" என்று கேட்பது இதைத்தான்.

தாயின் ரத்தமும் குழந்தையின் ரத்தமும் இங்கே கலப்பதில்லை. குழந்தையின் ரத்தக்குழாய்கள் ஓடும் விரல் விரலான மெல்லிய நீட்சிகள், தாயின் ரத்தம் நிறைந்த குளத்துக்குள் தொங்குகின்றன. ஆயிரக்கணக்கில் கிளை விட்ட அந்த நீட்சிகளின் மேற்பரப்பை விரித்துப் போட்டால் பத்து சதுர மீட்டருக்கு மேல் வரும். ஒரு சின்னப் படுக்கையறையின் தரை அளவு. அந்தத் தரை முழுவதையும் ஒரே ஒரு படலம் மூடியிருக்கிறது. பெயர் சின்சீசியோட்ரோபோபிளாஸ்ட். பெயரை மறந்துவிடலாம், ஒன்றை மட்டும் நினைவில் வையுங்கள்: அதில் செல்லுக்கும் செல்லுக்கும் நடுவே சுவர் கிடையாது. பல கோடி செல்கள் ஒன்றோடு ஒன்று கரைந்து சேர்ந்து, இடைவெளியே இல்லாத ஒரே தளமாகிவிட்டன. ஆகவே தாயின் ரத்தத்தில் இருந்து குழந்தைக்குப் போகும் எதுவும் இந்தப் படலத்தின் உள்ளே நுழைந்து வெளியேறித்தான் ஆக வேண்டும். சந்துபொந்தில் நழுவிப் போக வழியில்லை.

அந்தப் படலத்துக்குள்தான் நொதிகள் உட்கார்ந்திருக்கின்றன.

நொதி என்றால் என்ன என்பதைப் புத்தகம் இல்லாமலே தெரிந்துகொள்ளலாம். ஒரு வாய்ச் சோற்றைக் குழம்பு, உப்பு எதுவும் இல்லாமல் வாயில் போட்டு, விழுங்காமல் இரண்டு நிமிடம் மென்றுகொண்டே இருங்கள். மெல்ல இனிக்க ஆரம்பிக்கும். எச்சிலில் இருக்கும் அமிலேஸ் என்ற நொதி, சோற்றின் மாவுச்சத்தை வெட்டிச் சர்க்கரையாக்குகிறது. நொதி ஒரு புரதம். ஒரு குறிப்பிட்ட பொருளைப் பிடித்து, அதில் ஒரு குறிப்பிட்ட மாற்றத்தைச் செய்து, விட்டுவிட்டு அடுத்ததைப் பிடிக்கும். தான் செலவாகாது. அமிலேஸ் மாவுச்சத்தில் மட்டும்தான் கைவைக்கும், கொழுப்பைத் தொடாது. ஒரு நொதிக்கு ஒரு வேலை.

நஞ்சுக்கொடியின் படலமும் இதைத்தான் செய்கிறது. வருவதை அப்படியே விடுவது, அல்லது அப்படியே நிறுத்துவது என்ற இரண்டு வழி மட்டும் அதற்கு இல்லை. மூன்றாவதாக ஒன்று இருக்கிறது: வந்த பொருளை வழியிலேயே வேறொன்றாக மாற்றிவிடுவது. எனக்கு நஞ்சுக்கொடியில் மிகவும் பிடித்தது இந்த மூன்றாவது வழிதான். இது எவ்வளவு நுட்பமான வேலை என்பதற்குக் கார்ட்டிசோலை எடுத்துக்கொள்வோம்.

கார்ட்டிசோல் நம் அட்ரீனல் சுரப்பியில் சுரக்கும் ஹார்மோன். மன அழுத்த ஹார்மோன் என்று பத்திரிகைகளில் படித்திருப்பீர்கள். கர்ப்பத்தின் பிற்பகுதியில் தாயின் ரத்தத்தில் இது வழக்கத்தைவிட இரண்டு மூன்று மடங்கு உயர்ந்துவிடும், அது இயல்பு. ஆனால் கருவுக்கு இவ்வளவு கார்ட்டிசோல் ஆகாது. கார்ட்டிசோல் செல்களிடம் சொல்வது, "வளர்ந்தது போதும், முதிர்ந்து தயாராகு" என்பதை. ஐந்தாம் மாதத்துக் குழந்தை கேட்க வேண்டிய உத்தரவு இல்லை அது. முன்கூட்டியே அதிகமாகக் கிடைத்தால் வளர்ச்சி குறையும், எடை குறையும்.

சரி, தாயின் ரத்தத்தில் அவ்வளவு இருக்கும்போது குழந்தையை எப்படிக் காப்பது? கார்ட்டிசோல் கொழுப்பில் கரையும் சின்ன மூலக்கூறு. படலம் அதை உள்ளே வராமல் தடுக்க முடியாது. உள்ளே வரட்டும் என்று விட்டு, வந்ததும் பிடித்து மாற்றிவிடுகிறது. இதைச் செய்யும் நொதியின் பெயர் 11-பீட்டா ஹைட்ராக்ஸிஸ்டீராய்டு டிஹைட்ரோஜினேஸ், இரண்டாம் வகை. நீளமான பெயர், அதனால் இங்கே "கார்ட்டிசோல் நொதி" என்றே சொல்கிறேன். அது செய்வது என்ன தெரியுமா? கார்ட்டிசோலின் பதினோராவது கார்பன் பக்கத்தில் இருந்து இரண்டு ஹைட்ரஜன் அணுக்களை எடுத்துவிடுகிறது. அவ்வளவுதான். கிடைப்பது கார்ட்டிசோன். ஐம்பதுக்கும் மேற்பட்ட அணுக்கள் உள்ள மூலக்கூறில் இரண்டே இரண்டு ஹைட்ரஜன் போனதும், செல்லுக்குள் கார்ட்டிசோலுக்காகக் காத்திருக்கும் ஏற்பிக்கு அதை அடையாளம் தெரியாமல் போகிறது. உத்தரவு குழந்தைக்குப் போய்ச் சேர்ந்தாலும் படிக்க முடியாத உத்தரவாகத்தான் சேரும்.

தாயிடம் இருந்து வரும் கார்ட்டிசோலில் பத்தில் எட்டு ஒன்பது பங்கு இப்படி மாற்றப்பட்டுவிடுகிறது. குழந்தையின் ரத்தத்தில் இருப்பதைவிடத் தாயின் ரத்தத்தில் ஐந்து முதல் பத்து மடங்கு கார்ட்டிசோல் இருந்தும் குழந்தை பாதுகாப்பாக இருப்பது இதனால்தான்.

இந்த ஒரு நொதியைப் புரிந்துகொண்டால், மருத்துவர்கள் கர்ப்பிணிக்கு மருந்து எழுதும்போது செய்யும் ஒரு தேர்வும் புரிந்துவிடும். கடும் ஆஸ்துமா உள்ள கர்ப்பிணிக்கு ஸ்டீராய்டு, அதாவது கார்ட்டிசோலைப் போல வேலை செய்யும் மருந்து, தர வேண்டி வந்தால், பெரும்பாலும் பிரெட்னிசோலோன் தருவார்கள். கார்ட்டிசோல் நொதி அதையும் பிடித்துச் செயலிழக்கச் செய்துவிடும், ஆக மருந்து தாய்க்கு வேலை செய்யும், குழந்தைக்கு மிகக் குறைவாகவே போகும். ஆனால் ஏழாம் மாதத்திலேயே வலி எடுத்துவிட்டது, குழந்தை பிறந்துவிடும் போலிருக்கிறது என்றால் நிலைமை தலைகீழ். அப்போது குழந்தையின் நுரையீரல் அவசரமாக முதிர வேண்டும். "தயாராகு" என்ற உத்தரவு குழந்தைக்குப் போயே ஆக வேண்டும். அதற்குத்தான் டெக்சாமெத்தசோன் அல்லது பீட்டாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு ஊசி. இந்த இரண்டு மருந்துகளிலும் ஒன்பதாவது கார்பனில் ஒரு ஃபுளூரின் அணு ஒட்டியிருக்கிறது. நொதி கைவைக்கும் பதினோராவது கார்பனுக்கு ஒட்டிய அடுத்த இடம் அது. ஃபுளூரின் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பதால் நொதியின் வேலை சரியாக நடப்பதில்லை. மருந்து உருமாறாமல் குழந்தையிடம் போய்ச் சேருகிறது.

இதன் தொடக்கம் நியூசிலாந்தில். ஆக்லாந்தில் கிரகாம் லிக்கின்ஸ் என்ற மகப்பேறு மருத்துவர், செம்மறியாடுகளில் பிரசவ வலி எப்படித் தொடங்குகிறது என்று ஆராய்ந்துகொண்டிருந்தார். டெக்சாமெத்தசோன் செலுத்திய ஒரு குட்டி மிகவும் முன்னதாகப் பிறந்தும் மூச்சுவிட்டு உயிரோடு கிடந்தது அவர் கண்ணில் பட்டது. அந்த வயதில் அதன் நுரையீரல் விரிந்திருக்கவே கூடாது. குழந்தைகள் மருத்துவர் ராஸ் ஹோவியுடன் சேர்ந்து 282 தாய்மார்களிடம் பீட்டாமெத்தசோனைச் சோதித்து, 1972-இல் முடிவை வெளியிட்டார். ஊசி போடாதவர்களின் குழந்தைகளில் 25.8 சதவீதத்துக்கு மூச்சுத்திணறல் நோய் வந்தது, போட்டவர்களின் குழந்தைகளில் 9 சதவீதம்தான். இன்று நம் ஊர் அரசு மருத்துவமனைகளிலும் குறைமாதப் பிரசவத்துக்கு டெக்சாமெத்தசோன் 6 மில்லிகிராம் வீதம், 12 மணி நேர இடைவெளியில் 4 ஊசி போடுகிறார்கள். எத்தனையோ குறைமாதக் குழந்தைகள் இன்று வீட்டில் ஓடி விளையாடுவதற்கு இந்த ஊசி ஒரு காரணம். எழுதும்போதே மனது நிறைகிறது.

கார்ட்டிசோல் நொதியைப் பற்றி இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும், அது நம் வீட்டு அஞ்சறைப்பெட்டிக்கு அருகில் இருக்கும் விஷயம். தங்கையிடம் இதையெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தபோது அவளே இடையில், "அத்தை தினமும் தொண்டைக்கு அதிமதுரம் போட்டுக் கஷாயம் வச்சுத் தர்றாங்க" என்றாள். நான் சட்டென்று நிறுத்திவிட்டேன். அதிமதுரத்தின் இனிப்புக்குக் காரணமான கிளைசிரைசின், உடலுக்குள் போய் மாற்றமடைந்து இதே நொதியை முடக்கும். காவலுக்கு இருப்பவனைத் தூங்க வைப்பது போல.

ஃபின்லாந்துக்காரர்களுக்கு அதிமதுர மிட்டாய் என்றால் உயிர். 1998-இல் ஹெல்சின்கியில் பிரசவித்த தாய்மாரிடம் எவ்வளவு அதிமதுரம் சாப்பிட்டார்கள் என்று கேட்டு வைத்து, அவர்களுடைய குழந்தைகளைப் பிற்பாடு பரிசோதித்தார்கள். கர்ப்ப காலத்தில் வாரத்துக்கு 500 மில்லிகிராமுக்கு மேல் கிளைசிரைசின் உட்கொண்டவர்களின் பிள்ளைகள், பன்னிரண்டு வயதை ஒட்டி எடுத்த அறிவுத்திறன் தேர்வுகளில், மிகக் குறைவாகச் சாப்பிட்டவர்களின் பிள்ளைகளைவிடச் சராசரியாக 7 புள்ளி குறைவாக எடுத்தார்கள். இது கவனித்துப் பார்த்த ஆய்வுதான். அதிமதுரம்தான் காரணம் என்று இதை வைத்து அறுதியிட்டுச் சொல்லிவிட முடியாது. ஆனாலும் ஃபின்லாந்து அரசின் உணவு ஆலோசனை, கர்ப்பிணிகள் அதிமதுரத்தை அதிகமாகச் சாப்பிட வேண்டாம் என்கிறது. என்றோ ஒருநாள் இருமலுக்குச் சின்னத் துண்டு மென்றதற்காகப் பயப்படத் தேவையில்லை. தினமும் கஷாயம் என்பது வேறு. அது தாயின் ரத்த அழுத்தத்தையும் ஏற்றும், ஏனென்றால் இதே நொதி சிறுநீரகத்திலும் வேலை செய்கிறது. என் தங்கையின் அத்தையிடம் பக்குவமாகச் சொன்னோம், அவர் அன்றே சுக்குக்கும் மிளகுக்கும் மாறிவிட்டார்.

இதுவரை சொன்னது வருவதை முறிக்கும் வேலை. நஞ்சுக்கொடி புதிதாகச் செய்யவும் செய்யும். கர்ப்பம் தங்குவதற்குத் தேவையான புரோஜெஸ்டிரோனை முதல் சில வாரங்கள் தாயின் சூலகம் தருகிறது. ஏழு முதல் ஒன்பது வாரத்துக்குள் அந்தப் பொறுப்பை நஞ்சுக்கொடி ஏற்றுக்கொள்ளும். தாயின் ரத்தத்தில் இருந்து கொலஸ்ட்ராலை எடுத்து, இரண்டு நொதிகளின் கைமாற்றத்தில் புரோஜெஸ்டிரோன் ஆக்கிவிடுகிறது.

ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோனைச் செய்வதில்தான் சிக்கல். அதற்கு இடையில் ஒரு படி உண்டு, அந்தப் படிக்கான நொதி நஞ்சுக்கொடியிடம் இல்லை. அந்த வேலையைக் குழந்தை செய்து தருகிறது. வயிற்றில் இருக்கும் குழந்தையின் அட்ரீனல் சுரப்பி, உடல் அளவோடு ஒப்பிட்டால் பெரியவர்களுடையதைவிடப் பல மடங்கு பெரியது. அங்கே டி.எச்.இ.ஏ. என்ற பொருள் தயாராகி, ஒரு சல்பேட் ஒட்டப்பட்டு வெளியே வருகிறது. குழந்தையின் கல்லீரல் அதில் இன்னொரு சின்ன மாற்றம் செய்து அனுப்பும். தொப்புள்கொடி வழியாக நஞ்சுக்கொடிக்கு வந்ததும் ஸ்டீராய்டு சல்பேட்டேஸ் என்ற நொதி சல்பேட்டைக் கழற்றும், பிறகு அரோமட்டேஸ் என்ற நொதி அதை ஈஸ்ட்ரியால் என்ற ஈஸ்ட்ரோஜனாக முடிக்கும். தாயின் ரத்தத்தில் கர்ப்ப காலத்தில் ஓடும் ஈஸ்ட்ரியாலில் பெரும்பகுதி, இப்படித் தாயும் பிள்ளையும் நஞ்சுக்கொடியும் கூட்டாகச் செய்தது. சுவீடனில் ஈகான் டிட்ஸ்ஃபலூஷி என்பவர் 1960-களில் இந்தக் கூட்டு வேலையைத் துலக்கிக் காட்டியபோது, கருவையும் நஞ்சுக்கொடியையும் சேர்த்து ஒரே சுரப்பியாகப் பார்க்க வேண்டும் என்ற எண்ணம் வந்தது. இன்று நான்காம் ஐந்தாம் மாதத்தில் எடுக்கும் குவாட்ரப்பிள் மார்க்கர் பரிசோதனையில் ஈஸ்ட்ரியாலும் ஒரு கணக்கு.

இந்த வரிசையில் ஒரு நொதி இல்லாவிட்டால் என்ன ஆகும்? 1991-இல் ஜப்பானில் இருந்து வந்த ஒரு மருத்துவ அறிக்கை இதைக் காட்டியது. அந்த நஞ்சுக்கொடியில் அரோமட்டேஸ் வேலை செய்யவில்லை. குழந்தையிடம் இருந்து வந்த பொருட்கள் ஈஸ்ட்ரோஜனாக மாறாமல் ஆண் ஹார்மோன்களாகவே தேங்கித் தாயின் ரத்தத்தில் ஏறின. கர்ப்பிணிக்கு ஆண்தன்மையின் அறிகுறிகள் தோன்றின. பிறந்த பெண் குழந்தையின் வெளியுறுப்புகளும் ஆண்தன்மையோடு இருந்தன. சல்பேட்டேஸ் குறைபாடு இதைவிடப் பரவலானது, ஆண் குழந்தைகளுக்கு வருவது. தாயின் ஈஸ்ட்ரியால் மிகக் குறைவாகக் காட்டும், வலி எடுக்கத் தாமதமாகலாம், பிறந்த பிறகு குழந்தையின் தோல் செதில் செதிலாக உரியும்.

தைராய்டு மாத்திரை சாப்பிடுபவர்கள் கர்ப்பம் உறுதியானதும் மருத்துவரிடம் ஓடிப்போய் அளவைக் கூட்டிக்கொள்வதற்கும் நஞ்சுக்கொடி ஒரு காரணம். அதில் இருக்கும் டீஅயோடினேஸ் என்ற நொதி, தாயின் தைராய்டு ஹார்மோனான தைராக்ஸினில் இருந்து ஓர் அயோடின் அணுவைக் கழற்றிச் செயலிழக்கச் செய்கிறது, கொஞ்சத்தை மட்டும் குழந்தைக்கு விடுகிறது. அப்புறம், மூன்றாம் மாதம் ஸ்கேனோடு சேர்த்து எடுக்கும் டபுள் மார்க்கரில் பாப்-ஏ என்று ஒன்று வருமே, அதுவும் நஞ்சுக்கொடியின் நொதிதான். வளர்ச்சிக் காரணி ஒன்றைக் கட்டிவைத்திருக்கும் புரதத்தை வெட்டி, அதை விடுவிப்பது அதன் வேலை.

வாசோபிரெஸ்ஸினேஸ் பற்றியும் சொல்ல ஆசை. நஞ்சுக்கொடி தாயின் ரத்தத்தில் விடும் இந்த நொதி, வலியைத் தூண்டும் ஆக்ஸிடோசினையும், உடலில் நீரைத் தேக்கும் வாசோபிரெஸ்ஸினையும் வெட்டும். மிக அரிதாகச் சிலருக்கு இது அளவுக்கு மீறிப் போய்விடும். தாகம் அடங்காது, குடம் குடமாகத் தண்ணீர் குடித்து, லிட்டர் கணக்கில் சிறுநீர் போகும். சர்க்கரை பார்த்தால் சரியாக இருக்கும். இதற்குத் தரும் டெஸ்மோபிரெஸ்ஸின், இந்த நொதியால் வெட்ட முடியாதபடி முனை மாற்றப்பட்ட வாசோபிரெஸ்ஸின். டெக்சாமெத்தசோனின் ஃபுளூரின் கதையேதான் திரும்பவும்.

இனி, தங்கையின் 214. அல்கலைன் பாஸ்பேட்டேஸ் என்பது ஒரே நொதி இல்லை, ஒரு குடும்பம். கல்லீரலிலும் எலும்பிலும் இருப்பது ஒரு வகை, குடலில் ஒன்று, நஞ்சுக்கொடியில் ஒன்று. நஞ்சுக்கொடி வகை அந்தப் படலத்தின் மேற்பரப்பில், தாயின் ரத்தத்தில் நனைந்தபடி இருக்கிறது. நஞ்சுக்கொடி வளர வளர அதிகமாக உதிர்ந்து ரத்தத்தில் சேரும். கடைசி மூன்று மாதத்தில் மொத்த அளவு இரண்டு மடங்கு வரை காட்டுவது சாதாரணம். ஆய்வகத் தாளில் அச்சாகும் வரம்பு கர்ப்பமில்லாதவர்களுக்கானது, அதனால்தான் தடித்த எழுத்து. எங்கிருந்து வந்தது என்று தெரிய வேண்டுமானால் ஓர் எளிய வழி உண்டு: ரத்தச் சீரத்தை 65 டிகிரிக்குச் சூடாக்குவது. மற்ற வகைகள் அந்தச் சூட்டில் சிதைந்துவிடும், நஞ்சுக்கொடி வகை மட்டும் தாக்குப்பிடித்து வேலை செய்துகொண்டிருக்கும்.

ஒன்று மட்டும் கேட்டேன்: "உள்ளங்கை, உள்ளங்காலில் அரிப்பு இருக்கா? ராத்திரியில அதிகமாகுதா?" அப்படி இருந்தால் கதை வேறு. பித்தநீர் தேங்கும் நோயாக இருக்கலாம், உடனே மருத்துவரிடம் போய்ப் பித்த அமில அளவைப் பார்க்க வேண்டும். அல்கலைன் பாஸ்பேட்டேஸை வைத்து அதைக் கண்டுபிடிக்க முடியாது. அரிப்பு இல்லை என்றாள். மறுநாள் அவளுடைய மருத்துவரும் மற்ற கல்லீரல் எண்களைப் பார்த்துவிட்டு அதையே சொன்னார்.

பெண் குழந்தை பிறந்தது. நஞ்சுக்கொடி வெளியே வந்ததும் செவிலியர் அதை ஒரு தட்டில் பரப்பி, தாய்ப்பக்கத்துக் கதுப்புகளை ஒவ்வொன்றாக விரலால் ஒட்டவைத்துப் பார்த்தார், ஏதாவது துண்டு உள்ளே தங்கிவிட்டதா என்று. எல்லாம் இருந்தன. நாற்பத்தைந்தாம் நாள் பரிசோதனைக்குப் போனபோது தங்கை தானே கேட்டு அந்த நொதியையும் பார்க்கச் சொல்லியிருக்கிறாள். சாயங்காலம் எனக்கு ஒரு படம் வந்தது. 96, சாதாரண எழுத்தில்.